கடைசி அறையிலிருந்து பதில்

குளிர்பதனக் கிடங்கு என்றால் வாசலிலேயே பல் கிட்டும் என்று நினைத்து, ஸ்வெட்டர், காலுறை, கழுத்துக்கு ஒரு துணி என்று மூட்டை மாதிரி போய் இறங்கினேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. லாரிகள் வந்து நிற்கும் மேடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த என் தம்பி, என்னைப் பார்த்ததும் புரையேறிச் சிரித்தான்.

"என்னக்கா, பனிமலை ஏற வந்தியா? நீ உக்காரப் போறது ஆபீஸ் ரூம்ல. அங்க ஃபேன்கூட ஒழுங்கா சுத்தாது."

"வாயை மூடுடா. சர்வர் செத்துக் கிடக்குன்னுதானே கூப்பிட்டீங்க? பொணத்தைப் பார்க்க வர்றவ போத்திக்கிட்டுதான் வருவா."

அவன் சிரிப்பு சட்டென்று நின்றது. "இங்க அந்த வார்த்தை வேணாம்க்கா," என்றான்.

எங்கள் தொழிலில் அப்படித்தான் பேசுவோம். சர்வர் செத்துப்போச்சு, லைனுக்கு உசிர் வந்துடுச்சு, மெஷின் மூச்சு விடுது. ஒரு இடத்தில் இருக்கும் கணினி, கேமரா, கதவுப் பூட்டு, வெப்பமானி எல்லாவற்றையும் ஓயாமல் கண்காணிக்கும் மென்பொருளை நிறுவிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அம்மாவுக்கு இதை ஒருமுறை விளக்கினேன். "வாத்தியார் ஆஜர் எடுக்கிற மாதிரிம்மா. ஒவ்வொரு மெஷினையும் 'இருக்கியா, இருக்கியா'ன்னு அது கேட்டுக்கிட்டே இருக்கும். மெஷின் 'இருக்கேன்'னு சொல்லணும். சொன்னா பச்சை, சொல்லலைன்னா சிவப்பு." அம்மா கரண்டியைக் கீழே வைக்காமலே, "அதைத்தானேடி உங்க ரெண்டு பேரையும் பெத்த நாள்ல இருந்து நான் பண்ணிட்டு இருக்கேன்," என்றாள். உண்மைதான். வீட்டில் எந்த அறையில் சத்தம் கேட்டாலும் அடுப்படியிலிருந்து அவள் குரல் வரும்: "உள்ள யாரு?"

தம்பி டீக் கிளாஸைத் தரையில் வைத்துவிட்டுக் கம்பளியின் கதையைச் சொன்னான்.

கம்பளி என்பது பட்டப்பெயர். கொளுத்தும் வெயிலிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றாத மனிதர். வரிசையாக இருக்கும் உறைநிலை அறைகளில் கடைசி அறை அவருடையது. மீன் பெட்டிகளை அடுக்குவதும் எடுப்பதும் வேலை. அந்த அறைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கதவைச் சாத்துவதற்கு முன் கதவுக்காரர் உள்ளே பார்த்து, "உள்ள யாரு?" என்று கத்த வேண்டும். உள்ளே இருப்பவர் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் சாத்தலாம்.

கம்பளி ஒருநாளும் "இருக்கேன்" என்று சொன்னதில்லை. "யாரும் இல்ல!" என்பார்.

"தினமும் அதே ஜோக்குக்கா. தினமும் சிரிப்போம். பழைய கதவுக்காரர் 'வாய்யா, யாரும் இல்லாதவனே'ன்னு சொல்லிட்டு அவர் வர்ற வரைக்கும் நிப்பார்."

ஒருநாள் பழைய கதவுக்காரர் விடுப்பு. புது ஆள் நின்றார். "உள்ள யாரு?" என்று ஒழுங்காகத்தான் கத்தினார். "யாரும் இல்ல!" என்று பதில் வந்தது. மேடையில் நின்ற யாரோதான் சொல்கிறார்கள் என்று நினைத்து, கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

உள்பக்கத் தாழ்ப்பாள் பனியில் இறுகிப் போயிருந்தது. கம்பளி அழைப்பு மணியை அமுக்கியிருக்கிறார். மணியின் சேதி வயர் வழியாக ஆபீஸ் சர்வருக்கு வந்திருக்கிறது. சேதியைக் கேட்டு ஒலி எழுப்ப வேண்டிய நிரல் அதற்கு முன்பே நின்று போயிருந்தது. அது நின்றதே யாருக்கும் தெரியாது.

"கட்டைவிரல் பட்டன்லயே ஒட்டிப் போயிருந்துச்சுக்கா," என்றான் தம்பி, மேடையின் சிமெண்டைப் பார்த்துக்கொண்டே. "கஷ்டப்பட்டுத்தான் பிரிச்சாங்க. இப்ப அந்த ரூம்ல நான்தான். அதான் உன்னையே கூப்பிடச் சொன்னேன். வேற யாராவது வந்தா ஏனோதானோன்னு போட்டுட்டுப் போயிடுவாங்க."

வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை, படுபாவி. அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அது வேலையாகத் தெரியவில்லை. கடைசி அறையின் மணி அடித்தால் என் காதில் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆபீஸ் அறை நீளமாக, ஜன்னல் இல்லாமல் இருந்தது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, மூலையில் உறுமிக்கொண்டிருந்த சர்வர். மேனேஜர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி உள்ளேயும் வெளியேயுமாக நடந்துகொண்டிருந்தார். "மத்தியானத்துக்கு மேல இன்ஸ்பெக்டர் வர்றாரும்மா. திரையில எல்லாம் பச்சையா இருக்கணும். அவர் பார்த்தாத்தான் கிடங்கைத் தொடர்ந்து நடத்த விடுவாங்க."

லினக்ஸ் சர்வர். பழசு. என் மென்பொருளுக்கு வேண்டிய துணை நிரல்கள் பாதி அதில் இல்லை. ஒவ்வொன்றாக இறக்கினேன். தரவுத்தளம் கடவுச்சொல்லை ஏற்க மாட்டேன் என்றது. மாற்றினேன். கோப்புறையில் எழுத அனுமதி இல்லை என்றது. கொடுத்தேன். இதெல்லாம் எனக்குப் பழகின தலைவலி. புகுந்த வீட்டுக்காரர்கள் மாதிரி, முதலில் முறைக்கும், பிறகு வழிக்கு வரும்.

கடைசியில் மென்பொருளை ஓட விட்டேன். எழுந்தது. உடனே விழுந்தது.

ஏன் விழுந்தது என்று பதிவைத் திறந்து பார்த்தேன். அது சொன்னதன் பொருள் இதுதான்: இந்த வாசலில் ஏற்கெனவே யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் பயப்பட எதுவுமில்லை. சர்வருக்குள் சேதி கேட்கும் வாசல்கள் நிறைய உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒரு வாசலில் ஒரு நிரல்தான் உட்கார்ந்து கேட்க முடியும். பழைய நிரல் ஏதாவது எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும், கண்டுபிடித்துக் கிளப்பிவிட்டால் போதும். யார் உட்கார்ந்திருப்பது என்று கேட்டேன்.

யாரும் இல்லை என்றது.

மீண்டும் ஓட விட்டேன். மீண்டும் அதே புகார். சர்வரையே அணைத்து எழுப்பினேன். அதே புகார். வாசலை மாற்றினேன், வேறு எண், யாருமே பயன்படுத்தாத எண். அங்கேயும் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் மனுஷன், மெஷின் என்றெல்லாம் பார்க்க மாட்டேன். "எவன்யா அது?" என்றேன் வாய்விட்டு. "எழுந்திரிக்கிறியா, இல்லையா? நான் உக்காரணும்."

எனக்குப் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

திரும்பினேன்.

அந்த அறையில் இருந்த ஒரே நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஈரக் கம்பளியின் வாடை ஒன்று என்னைக் கடந்து கதவுப்பக்கம் போனது. மழையில் நனைந்து மூலையில் கிடந்த போர்வையை எடுத்தால் வருமே, அந்த வாடை. திரையைப் பார்த்தேன். மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து அறையில் யாராவது நாற்காலியை நகர்த்தியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலையைப் பாரடி.

மென்பொருள் ஒவ்வொரு சாதனத்தையும் கூப்பிட ஆரம்பித்தது. கேமரா, இருக்கேன். வெப்பமானி, இருக்கேன். கதவுப் பூட்டுகள், இருக்கேன், இருக்கேன். பச்சையாக ஏறிக்கொண்டே வந்தது. கடைசி அறையின் அழைப்பு மணி மட்டும் சிவப்பு.

புது மணிதான். விபத்துக்குப் பிறகு வாங்கி, பழைய மணிக்கு நெட்வொர்க்கில் இருந்த முகவரியையே அதற்கும் கொடுத்திருந்தார்கள். தம்பியிடம் கேபிளை மாற்றச் சொன்னேன். வயர்ப் பெட்டியில் வேறு துளையில் செருகினேன். அசையவில்லை. சரி, நேராகக் கேட்டுவிடுவோம் என்று என் கையாலேயே அந்த முகவரியைக் கூப்பிட்டேன்.

பதில் வந்தது. நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கூப்பிட்ட சாதனம் உயிரோடு இருந்தால் "இருக்கேன்" என்று பதில் வரும். செத்திருந்தால் பதிலே வராது. மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. "அங்கே யாரும் இல்லை" என்று பதில் வரும். அதைச் சொல்வது வழியில் இருக்கும் வேறொரு சாதனம். பூட்டின வீட்டு வாசலில் தபால்காரர் நின்றால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அந்த வீட்ல யாரும் இல்லைங்க" என்று சொல்வதில்லையா, அது மாதிரி. பதிலோடு, சொன்னவரின் முகவரியும் கூடவே வரும்.

என் திரையில் வந்த பதில்: கடைசி அறையில் யாரும் இல்லை.

சொன்னவர் முகவரி: கடைசி அறை.

யாரும் இல்லையென்றால், சொன்னது யார்?

திரும்பத் திரும்பக் கேட்டேன். யாரும் இல்லை. யாரும் இல்லை. விரலுக்கடியில் கீபோர்டு சில்லிட்டிருந்தது. எழுத்துகளின் இடுக்கில் உப்புத் தூவியது போல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தொட்டேன். கரைந்தது.

"சார், பழைய மணி எங்க?" என்று மேனேஜரைக் கேட்டேன். "அது எங்கயோ இன்னும் வயர்ல மாட்டியிருக்கு. ஒரே முகவரியில ரெண்டு பேர் பதில் சொல்றாங்க."

அவர் அலமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். பழைய மணி அதற்குள் இருந்தது. வயர் அடியோடு வெட்டப்பட்டிருந்தது. பட்டன்மேல் காய்ந்த தோல் மாதிரி ஒரு வட்டம். உறையின் உள்பக்கமெல்லாம் ஆவி படிந்திருந்தது.

"இதை ஏன் சார் இன்னும் வெச்சிருக்கீங்க?"

"தூக்கிப்போட யாரும் தொட மாட்டேங்கிறாங்கம்மா." அவர் குரல் இறங்கியது. "அந்த ஒரு வரியை மட்டும் அழிச்சுடேன். இன்ஸ்பெக்டர் போனப்புறம் பார்த்துக்கலாம்."

"உங்களுக்கென்ன, அழிச்சுடுன்னு சுலபமா சொல்லிடுவீங்க. உள்ள நிக்கப் போறது என் தம்பி சார். மணி அடிச்சு, நான் கேட்டாத்தான் இந்த இடத்தை விட்டு எழுந்திருப்பேன்."

என் பிடிவாதம்தான் எங்கள் வீட்டில் பழமொழி. கடைசியில் மேனேஜரே இறங்கி வந்தார். தம்பி கடைசி அறைக்குள் போய் மணியை அமுக்குவது, நான் இங்கே கேட்பது, பேசிக்கொள்ள அவனுக்கொன்று, எனக்கொன்று, மேனேஜருக்கொன்று என்று வாக்கி டாக்கி. கதவு மூடிக்கொள்ளாதபடி குறுக்கே ஒரு தள்ளுவண்டி.

"உள்ள போயிட்டேன்க்கா," என்று தம்பியின் குரல் கரகரத்தது. "இருட்டு. லைட்டு மினுக் மினுக்குன்னு எரியுது. அமுக்கட்டுமா?"

"அமுக்குடா."

அறையே அதிரும்படி மணி அடித்தது. சிவப்பு மறைந்து பச்சை வந்தது. நான் நாற்காலியை விட்டுத் துள்ளிவிட்டேன்.

"கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சுடா, என் ராஜா! போதும், வெளிய வா."

"வர்றேன்க்கா."

வர்றேன். நம் பேச்சில் அந்த ஒரு சொல்லை எப்படியெல்லாம் சொல்கிறோம். வந்துகொண்டிருக்கிறேன் என்றாலும் வர்றேன். விட்டுப் போகிறேன் என்றாலும் வர்றேன்.

முற்றத்தில் கார் ஹாரன் கேட்டது. இன்ஸ்பெக்டர். அதே சமயம் திரையில் கடைசி அறையின் வெப்பமானி மஞ்சளாகி, சிவப்பானது. கதவு திறந்து கிடப்பதால் உள்ளே சூடேறுகிறது. என் மென்பொருள் கொடுத்த முதல் உண்மையான எச்சரிக்கை அது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வாக்கி டாக்கியில் மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"சார், கடைசி ரூம் கதவு தொறந்திருக்கா?"

"ஆமாம்மா, நான் இப்ப அங்கதான் நிக்கிறேன். வண்டியை எடுத்துட்டுச் சாத்திடட்டுமா? உன் தம்பி வந்துட்டானா?"

"வர்றேன்னு அப்பவே சொன்னான். எதுக்கும் ஒரு குரல் குடுத்துப் பாருங்க."

அவர் கத்துவது எனக்குக் கேட்டது. "உள்ள யாரு?"

"யாரும் இல்ல."

கனத்த கதவு சாத்தப்படும் சத்தம், தொம்மென்று.

மேனேஜர் சொன்னார் என்று நான் நினைத்தேன். என் திரையைப் பார்த்து நான் சொன்னேன் என்று மேனேஜர் நினைத்தார். அது தன் குரல் இல்லை என்று பின்னால் அவர் தன் பிள்ளைமேல் ஆணையிட்டார். நானும் ஆணையிட்டேன். இருவருமே பொய் சொல்லவில்லை.

வெப்பமானி மெல்ல இறங்கிப் பச்சைக்கு வந்தது. திரை முழுக்கப் பச்சை. நான் சோம்பல் முறித்தேன். தம்பி வந்து என் ஸ்வெட்டரைக் கிண்டல் செய்வான், அவனுக்கு என்ன பதில் சொல்லலாம் என்றுகூட யோசித்து வைத்துக்கொண்டேன்.

அவன் வரவில்லை.

கடைசி அறை மணியின் வரி சிவப்பானது. மணி அடிக்கவில்லை. வெறும் எழுத்து மட்டும் வந்தது.

யாரும் இல்லை.

யாரும் இல்லை.

யாரும் இல்லை.

யாரோ அவசர அவசரமாக அமுக்க அமுக்க, ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு பதில் வருவது போல் இருந்தது.

"டேய்," என்றேன் வாக்கி டாக்கியில். "டேய், எங்கடா இருக்க?"

முதலில் வெறும் இரைச்சல். பிறகு பல் தந்தியடிக்கும் சத்தம்.

"அக்கா... இருக்கேன்க்கா... உள்ளதான்... இருக்கேன்..."

அவன் குரலுக்கு மேலே, இன்னும் பக்கத்தில், வாயை ஒட்டி வைத்துக்கொண்டு சிரிக்கும் இன்னொரு குரல்.

"யாரும் இல்லம்மா."

நான் ஓடினேன். வழியில் நின்ற இன்ஸ்பெக்டரை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினேன். மேனேஜரும் கதவுக்காரரும் சேர்ந்து கைப்பிடியை இழுத்தார்கள். வெள்ளையாகப் பனிப்புகை காலில் வந்து கொட்டியது.

கதவுக்கு நேர் பின்னால் அவன் நின்றுகொண்டிருந்தான்.

உயிரோடுதான். கண் திறந்திருந்தது. நான் அவனைக் கட்டிக்கொண்டு கதறினேன். அவன் என் கையை மெதுவாக எடுத்துவிட்டான், யார் வீட்டுப் பெண்ணோ மேலே விழுந்துவிட்டது போல். நேராக நடந்து போய் மேடையில், வெயிலில் உட்கார்ந்தான். வேலைக்காரர்கள் டீ கொடுத்தார்கள், முதுகைத் தேய்த்தார்கள். அவன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டான்.

"இந்தாம்மா, என் தொப்பி எங்க?"

என் தம்பி பிறந்ததிலிருந்து தொப்பி போட்டதில்லை.

டாக்டர் நன்றாகப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அதிர்ச்சி, ஓய்வெடுத்தால் சரியாகும் என்றார். இன்ஸ்பெக்டர் விசாரித்தார். மணி வேலை செய்கிறது, கதவு வேலை செய்கிறது, ஆள் உயிரோடு இருக்கிறார். அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சாமானை எடுத்துக்கொள்ள நான் ஆபீஸ் அறைக்குத் திரும்பியபோது வாடை இல்லை. நாற்காலி சூடாக இருந்தது. கடைசி அறையை ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன்.

இருக்கேன்.

கேபிளைப் பிடுங்கினேன். மணியையே சுவரிலிருந்து கழற்றி எடுத்துவரச் சொல்லி மேசைமேல் வைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

இருக்கேன்.

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது, உள்ளேயிருந்து பதில் சொல்வது யார் என்று. புரிந்து என்ன செய்ய? கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே போனேன். மீன் பெட்டிகள், புகை, மினுக்கும் லைட். "தம்பி, உள்ள இருக்கியாடா?" என்று ஒவ்வொரு பெட்டியாக நகர்த்திக் கத்தினேன். என் குரல்தான் திரும்பி வந்தது. மறுநாள் மறுபடி போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். மேனேஜர் முதலில் பரிதாபப்பட்டார், பிறகு கேட்டிலேயே நிறுத்திவிட்டார். "தம்பி நல்லபடியா வீட்ல இருக்கான். நீ ஏம்மா இங்க வந்து தேடுற?" அவர் கேட்டதில் தப்பில்லை.

கேட்டுக்கு வெளியே நின்று போனிலிருந்தே கடைசி அறையைக் கூப்பிடுவேன். ஆபீஸ் சர்வரில் நான் நிறுவியது இன்னும் ஓடுகிறது. எச்சரிக்கைகள் என் போனுக்கு வரும்படி அப்போதே அமைத்திருந்தேன். அதை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பதில் வர எடுக்கும் நேரம் மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது. சோர்ந்து போன பிள்ளை மெதுவாகத் தலையைத் தூக்குவது மாதிரி.

வீட்டில் அவன் நன்றாகச் சாப்பிடுகிறான். கொடியில் கிடந்த என் ஸ்வெட்டரைக் கத்தரித்துத் தொப்பி தைத்துக்கொண்டான். அதைக் கழற்றுவதேயில்லை. அம்மா கொஞ்ச நாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எதையோ தொலைத்தவள் போல். "பிள்ளை என்னோட பேச மாட்டேங்கிறான்டி. சிரிக்கவே மாட்டேங்கிறான்," என்று என்னிடம் அழுதாள். என்னை அவன் அக்கா என்று கூப்பிடுவதில்லை. "இந்தாம்மா" என்கிறான், தெருவில் போகிற பெண்ணிடம் வழி கேட்பது போல.

நேற்று சாயங்காலம் அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் கூடத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள் அறையில் ஏதோ விழுந்தது. எப்போதும் போல அம்மா குரல் கொடுத்தாள்.

"உள்ள யாரு?"

என் தம்பியின் குரலில், உற்சாகமாக:

"யாரும் இல்ல!"

அம்மா சிரித்துவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தாள். "கேட்டியாடி? பழையபடி விளையாட ஆரம்பிச்சுட்டான். என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைச்சுட்டான்."

என் மடியில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன்.

கடைசி அறை. அழைப்பு மணி.

மறுபடி அதிர்ந்தது. மறுபடி. அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள்.